நாம் உடுத்தும் துணியும் நூல் நூற்றவளின் கூலியும்

பங்குக் குடும்பங்கள் கூடி வாசிப்பதற்கான பாடம்

அடிமைத்தனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? கப்பலின் அடித்தட்டில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனிதர். சந்தையில் ஏலம் கூவி விற்கப்பட்ட தாயும் பிள்ளையும். அந்தக் காலம் மலையேறிவிட்டது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணி ஆறுதலடைகிறோம். அந்த ஆறுதல் சரியானதா என்று சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து 2022-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டன. அதன்படி 2021-ல் உலகெங்கும் கட்டாய உழைப்பில் அகப்பட்டிருந்தோர் 2 கோடியே 76 லட்சம் பேர். அவர்களுள் 1 கோடியே 73 லட்சம் பேர் தனியாருடைய வயல்களிலும், ஆலைகளிலும், கட்டிட வேலையிலும், வீட்டு வேலையிலும் இருந்தவர்கள். இவர்கள் காலில் இரும்புச் சங்கிலியைத் தேடினால் காணமாட்டோம். ஆகையால்தான் எதிரே வந்து நின்றாலும் அடையாளம் கண்டுகொள்ளாமல் போகிறோம்.

இரும்புச் சங்கிலி இல்லாமல் ஒருவரைக் கட்டிவைப்பது எப்படி? அதைத் தடுக்கக் கடமைப்பட்டவர்கள் யார் யார்? இதுவே இன்றைய பாடம். இதற்குத் தூரதேசத்து உதாரணம் தேவையில்லை. நம் தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளே போதிய உதாரணம் தந்திருக்கின்றன.

1. தரகர் கொண்டுவந்த செய்தி

தென் மாவட்டத்தில் மழையை நம்பிய ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தகப்பனாருக்குக் கடன் இருக்கிறது. மூத்த மகள் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் தெரிந்த மனிதர் ஒருவர் திண்ணையில் வந்து உட்காருகிறார். தூரத்து உறவென்றும் சொல்லலாம். "கோயமுத்தூர்ப் பக்கம் பஞ்சாலையில் வேலை, அக்கா. மூன்றே வருஷம். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம். வருஷம் மூன்று முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை. மகள் கல்யாணக் கவலை உங்களுக்குத் தீர்ந்தது!" என்கிறார்.

இது கற்பனை வீடு. ஆனால் இந்தப் பேச்சு கற்பனையன்று. 2000-ம் ஆண்டையொட்டிய காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளுக்கு ஆள் சேர்த்த ஏற்பாட்டுக்கு "சுமங்கலித் திட்டம்" என்றே பெயர் வழங்கிற்று. மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்ற பெயர்களும் உண்டு. பெயரைக் கவனியுங்கள். அதில் வேலையுமில்லை, கூலியுமில்லை. தாலி மட்டுமே இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்களின் கவலை எதுவோ, அதைத் தூண்டில் முள்ளில் கோத்து வீசினார்கள்.

நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சி அமைப்புகள் இரண்டு 2011-லும் மீண்டும் 2014-லும் இதைப்பற்றி விசாரித்து அறிக்கைகள் வெளியிட்டன. அவற்றில் கண்ட நிலைமை இது: பதினெட்டு வயது நிறையாத பெண்களும் அநேகர் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தினர். தாழ்த்தப்பட்ட சமூகத்தினரும் மிகப் பலர். வாக்களித்த மொத்தத் தொகை பெரும்பாலும் ரூ. 30,000 முதல் ரூ. 50,000 வரை. விடுதி ஆலையின் மதிற்சுவருக்குள்ளேயே இருந்தது. தனியாக வெளியே போக அனுமதியில்லை. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையும் இரவு வேலையும் சாதாரணம். பஞ்சுத் தூசி மூச்சில் ஏறிற்று. தவணை முடியுமுன் நோயுற்றோ, தாங்கமாட்டாமலோ, ஏதோ காரணம் காட்டப்பட்டோ வீடு திரும்பியவர்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை.

எல்லாப் பஞ்சாலைகளும் இப்படியே என்று சொல்வது உண்மையுமன்று, நியாயமுமன்று. ஒழுங்காகக் கூலி கொடுத்து, கௌரவமாக நடத்தும் ஆலைகள் உண்டு. ஆலைச் சம்பளத்தால் தலைநிமிர்ந்த குடும்பங்களும் உண்டு. நாம் கண்டிப்பது ஆலையை அன்று. ஆளைக் கட்டிவைக்கும் ஏற்பாட்டை.

2. ஒரு சிறு கணக்கு

பள்ளிப் பிள்ளைகள் யாராவது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். மொத்தத் தொகை ரூ. 36,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு 36 மாதம். ஆகவே மாதத்துக்கு ரூ. 1,000. நாளொன்றுக்கு ஏறக்குறைய ரூ. 33.

இந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது? முதலாளியின் சீதனமா? அல்ல. அவள் உழைத்த கூலியில் அன்றன்று கொடுக்காமல் நிறுத்திவைத்ததே இது. தன் பணத்தையே மூன்று வருஷம் கழித்துப் பரிசுபோல வாங்கக் காத்திருக்கிறாள்.

இனி அடுத்த கணக்கு. முதல் மாத முடிவில் அவள் வேலையை விட்டால் இழப்பது ரூ. 1,000. பத்தாம் மாதத்தில் விட்டால் ரூ. 10,000. முப்பதாம் மாதத்தில் விட்டால் ரூ. 30,000. உடம்பு நலிய நலிய, வெளியேற வேண்டிய அவசியம் அதிகமாகிறது. அதே அளவுக்கு வெளியேறினால் வரும் நஷ்டமும் அதிகமாகிறது. மேஸ்திரி தகாத வார்த்தை பேசினாலும், கை இயந்திரத்தில் பட்டாலும், "இன்னும் ஆறு மாதந்தானே" என்று பல்லைக் கடித்துக்கொள்கிறாள். இதுதான் நாம் தேடிய சங்கிலி. நாளாக நாளாகக் கனக்கும் சங்கிலி. அவளுடைய கூலியைக் கொண்டே செய்த சங்கிலி.

பழைய கொத்தடிமை முறையை நாம் அறிவோம். முன்பணம் வாங்கியவன் கடன் தீரும்வரை உழைத்தான். கடன் தீரவே தீராது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடன்களை ரத்துசெய்து, அப்படி வேலை வாங்குவதைக் குற்றமாக்கிற்று. இங்கோ கதை தலைகீழ். கடன்பட்டிருப்பவர் ஆலைக்காரர், கூலி பாக்கி அவரிடம் இருக்கிறது. ஆயினும் கட்டுண்டு கிடப்பவள் கடன் கொடுத்த பெண்!

3. "அவள் சம்மதித்துத்தானே போனாள்?"

இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் மேலே போகக்கூடாது.

1930-ம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கட்டாய உழைப்புக்கு இலக்கணம் வகுத்தது. இந்தியா 1954-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் இரண்டு: ஒன்று, ஏதேனும் தண்டனைக்குப் பயந்து செய்யும் வேலை; இரண்டு, தானாக முன்வந்து ஏற்காத வேலை. தண்டனை என்றால் பிரம்படி மாத்திரமன்று. உழைத்த கூலி கைக்கு வராமல் போகும் என்ற பயமும் தண்டனைப் பயமே. தானாக முன்வருவது என்றால் உண்மை தெரிந்து முன்வருவது. பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. நல்ல மனத்தோடு வந்தவர் நிலைமை கண்டு போக விரும்பும்போது, போக முடியாமல் செய்தால், அந்த நிமிஷம் முதல் பழைய சம்மதம் செல்லாது.

பசி காரணமாகச் சம்மதித்தால்? லியோ என்று வழங்கும் 13-ம் சிங்கராயர் பாப்பரசர், 1891-ல் தொழிலாளர் நிலையைக் குறித்து எழுதிய நிருபத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல், அல்லது இதைவிடப் பெரிய துன்பத்துக்குப் பயந்து, தொழிலாளி கடினமான நிபந்தனைக்கு உடன்பட்டால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே என்பது அவர் போதனை. தொண்ணூற்றொரு வருஷம் கழித்து, 1982-ல், நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நடந்த கட்டிட வேலைகளைப் பற்றிய வழக்கு அது. வறுமையின் நெருக்கடியும் பலவந்தமே; குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

கூலிக்காரருடைய கூலியைக் கொடாமல் வஞ்சிப்பது, பரலோகத்தை நோக்கிப் பழிகேட்கும் பாவங்களுள் ஒன்று என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். அறுப்பறுத்தவர்களின் கூலியை நிறுத்திவைத்த செல்வர்களை அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை வீட்டில் எடுத்து வாசியுங்கள். "நிறுத்திவைத்த கூலி" என்பதே அங்கும் பேச்சு.

4. பஞ்சு முதல் கடை வரை

ஒரு பனியனைக் கையில் எடுங்கள். கழுத்தோரம் தைத்த சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும், அளவு இருக்கும். நூல் எந்த ஆலையில் நூற்றது என்று இராது. அந்தப் பனியன் வந்த வழியோ நெடியது. காட்டில் பருத்தி எடுத்தார்கள். ஜின்னிங் ஆலையில் கொட்டை நீக்கினார்கள். பஞ்சாலையில் நூலாயிற்று. பின்னலாடை ஆலையில் துணியாயிற்று. சாயப்பட்டறையில் நிறம் ஏறிற்று. வெட்டித் தைத்து, பிசிர் நறுக்கி, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடைத்தார்கள். ஏற்றுமதியாளர் கப்பலேற்றினார். அயல்நாட்டுக் கம்பெனி தன் பெயரிட்டு விற்றது.

அந்த அயல்நாட்டுக் கம்பெனி தையல் சாலையைப் பார்வையிட ஆள் அனுப்பிற்று. தீயணைக்கும் வாளி இருக்கிறதா, கழிப்பறை சுத்தமா என்று பார்த்தார்கள். ஆனால் தையல் சாலைக்கு நூல் வந்த ஆலையின் வாசலை எட்டிப் பார்த்தவர்கள் சிலரே. கேட்டால், "அவர்கள் எங்களுக்கு நேரடியாகச் சரக்குத் தருவதில்லை" என்றார்கள். கட்டாய உழைப்பு ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த கண்ணியை மட்டும் பார்த்தால், அதற்கு அடுத்த கண்ணியில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

இதைக் கண்டு சில நாடுகள் சட்டம் இயற்றின. இங்கிலாந்தின 2015-ம் ஆண்டுச் சட்டம், வருஷ வியாபாரம் 3 கோடியே 60 லட்சம் பவுனும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குச் சரக்கு வரும் வழியிலும் அடிமைத்தனம் இல்லாதிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவேண்டும் என்றது. ஆஸ்திரேலியா 2018-ல் அதுபோன்ற சட்டம் செய்தது. பிரான்சு 2017-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய கம்பெனிகள் தீமையைத் தேடிக் கண்டு தடுக்கத் திட்டம் வகுக்கவேண்டும் என்றது. இவை நல்ல ஆரம்பம். ஆனால் அறிக்கை வேறு, தடுப்பு வேறு. இங்கிலாந்தின் சட்டம் இயற்றப்பட்டபோது, "நாங்கள் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் சட்டப்படி போதும் என்றிருந்தது. மனச்சாட்சிக்கு அது போதுமா?

5. தொழில் நடத்துவோர் செய்யவேண்டியவை

நம் பங்குகளில் ஆலை முதலாளிகள் இருக்கலாம். மேலாளர், கணக்கர், மேற்பார்வையாளர், வேலை ஒப்பந்தக்காரர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதி.

முதலாவது, தம் சரக்கு வரும் வழியை முழுவதும் அறிதல். நூல் யாரிடம், பஞ்சு யாரிடம், வீட்டுக்கு எடுத்துச் சென்று செய்யும் வேலை யார் யாருக்குப் போகிறது என்று எழுதிவைக்க வேண்டும். தெரியாத கண்ணிக்குப் பொறுப்பேற்க முடியாது.

இரண்டாவது, ஆள் சேர்க்கும் முறை. தரகருக்குக் கூலி கொடுப்பதானால் ஆலையே கொடுக்கட்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கலாகாது. வேலை நேரம், சம்பளம், பிடித்தம், விடுமுறை யாவும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுக்கவேண்டும். வயதுக்கு அத்தாட்சி பார்த்துத் திருப்பித் தரவேண்டும். பள்ளிச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பெட்டியில் பூட்டிவைப்பது ஆளையே பூட்டிவைப்பதாகும்.

மூன்றாவது, மாதக் கூலி மாதத்திலேயே. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கவேண்டும் என்கிறது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. அந்தப் பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில், அவள் கையாளும் கணக்கில், சேரவேண்டும். கடைசியில் தருவோம் என்று எதையும் நிறுத்திவைக்கலாகாது. "பயிலுநர்" என்று பெயர் வைத்து வருஷக்கணக்காக முழுவேலை வாங்கி அரைச்சம்பளம் கொடுப்பதும் நிறுத்திவைத்தலின் மறுவேஷமே.

நான்காவது, விடுதிக் கதவு. "பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம்" என்பார்கள். பாதுகாப்பு வேண்டியதே. ஆனால் பாதுகாப்புப் பூட்டின் சாவி உள்ளே இருப்பவளிடம் இருக்கும். சிறைப் பூட்டின் சாவி வெளியே இருப்பவனிடம் இருக்கும். கடைக்கும், கோயிலுக்கும், ஊருக்கும் போய்வரவும், போனில் தனியாகப் பேசவும் உரிமை இருக்கவேண்டும். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

ஐந்தாவது, பயமின்றி முறையிட வழி. முறையீட்டுப் பெட்டியின் சாவி மேஸ்திரியிடமே இருந்தால் அதில் யார் சீட்டுப் போடுவார்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பெண்களுக்கு நேரும் பாலியல் துன்பத்தை விசாரிக்கக் குழு இருக்கவேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். தொழிலாளர் சங்கத்தைப் பகையாக எண்ணாத ஆலையில் பாதித் தீமை தலையெடுப்பதில்லை.

ஆறாவது, சரக்கு வாங்குவோரின் கடமை. ஒருபுறம் "தர்மமாக நடத்துங்கள்" என்று கடிதம் எழுதிவிட்டு, மறுபுறம் விலையை அடிமாட்டு விலையாகக் குறைத்து, கெடுவைப் பாதியாகச் சுருக்கினால், அந்தக் குறைவு கடைசியில் யார் முதுகில் இறங்கும்? இரவு வேலை செய்யும் பெண்ணின் முதுகில்தான். குற்றம் வெளிப்பட்டவுடன் வேறு ஆலைக்கு ஓடிப்போவதும் பரிகாரமன்று. அதனால் அந்தப் பெண்களுக்கு உள்ள வேலையும் போகும், பழைய பாக்கியும் போகும். முதலில் பாக்கியைத் தீர்த்து, குறையைச் சீர்ப்படுத்த வேண்டும். மனந்திரும்ப மறுக்கும் ஆலையை விட்டு விலகுவது கடைசி வழி.

6. திண்டுக்கல் காட்டிய வழி

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருத்தி கொலையுண்டாள். அவள் தொழிலாளர் சங்க அங்கத்தினள். அவளுடைய மேற்பார்வையாளர் கைதுசெய்யப்பட்டார். அதன்பின் அங்கே வேலை செய்த பெண்கள் பலர், தாங்கள் பட்ட துன்பத்தை வெளியே சொல்லத் துணிந்தார்கள்.

அந்த ஆலைக்குத் தணிக்கையாளர் வந்துபோகாமல் இல்லை. ஆனால் வந்துபோகிறவர் காண்பது ஒருநாள் காட்சி. உள்ளே இருப்பவர் காண்பது அன்றாடம். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதை எடுத்துச் சொல்லிப் போராடிற்று. 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒருபக்கம் சங்கமும் அதற்குத் துணைநின்ற அமைப்புகளும். மறுபக்கம் ஆடை உற்பத்தியாளரும், அவரிடம் வாங்கும் உலகக் கம்பெனிகளும். தையல் சாலையோடு நூற்பாலையும் அதில் அடங்கிற்று. 5,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் பாதுகாப்பில் வந்தார்கள்.

அதன் சிறப்பு மூன்று. தொழிலாளர்களிலிருந்தே, 25 பேருக்கு ஒருவர் வீதம், கண்காணிக்கும் பெண்களைத் தேர்ந்து சங்கம் பயிற்சி கொடுத்தது. மேஸ்திரி முதல் மேலாளர் வரை அனைவருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. உற்பத்தியாளர் வாக்குத் தவறினால் வாங்குகிறவர்கள் தங்கள் வியாபாரத்தைக் கொண்டு நெருக்குவதாகக் கையெழுத்திட்டார்கள். வெறும் நல்லெண்ணமாக இல்லாமல் கட்டுப்படுத்தும் வாக்காக அது இருந்தது.

அதே 2022 ஜூலையில், கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகக் கூறி, அமெரிக்கச் சுங்க இலாகா அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவிட்டது. ஒப்பந்தத்தால் ஏற்பட்ட சீர்திருத்தங்கள் எடுத்துக்காட்டப்பட்டன. செப்டம்பரில் சரக்குக்கு வழி விடப்பட்டது. தொழிலாளியின் குரலுக்குச் செவிகொடுப்பதால் ஆலை கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். இங்கே ஆலையின் கதவைத் திறந்து வைத்ததே அந்தக் குரல்தான்.

7. நம் வீடு செய்யவேண்டியது

வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரே, தரகரின் வாக்கை மட்டும் நம்பாதீர்கள். அனுப்புமுன் நேரில் போய்ப் பாருங்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கணக்கில்? நாளைக்கே வேலையை விட்டால் பாக்கி வருமா? வாரத்தில் ஒருநாள் வெளியே போகலாமா? சொந்தப் போன் வைத்துக்கொள்ளலாமா? சான்றிதழின் அசலைக் கேட்கிறார்களா? கடைசியில் மொத்தத் தொகை என்ற பேச்சு எழுந்தால், "எங்களுக்கு மொத்தம் வேண்டாம், மாதாமாதம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். நேர்மையான ஆலை ஒப்புக்கொள்ளும். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அனுப்புவதும் சேர்ப்பதும் குற்றம். 18 வயது வரை அபாயமான வேலையில் சேர்க்கலாகாது.

விடுமுறைக்கு வந்த மகள் திரும்பப் போக அழுதால், "எல்லாரும் போகிறார்கள், நீ மட்டும் ஏன்" என்று அதட்டாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். ஆபத்து என்று கண்டால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்கள் உள்ளன. கொத்தடிமை நிலையை மாவட்ட ஆட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் முறையிடலாம். விடுவிக்கப்பட்டவருக்குப் புனர்வாழ்வு உதவியும் உண்டு: 2016-ல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டம் ஆணுக்கு ரூ. 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ. 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு ரூ. 3 லட்சம் என்று வகுத்தது.

இப்போது பஞ்சாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஊரில் ஒருவரையும் தெரியாது. அவர்களில் ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்பவர்களும் இருக்கலாம். பூசை முடிந்ததும் அவர்களிடம் போய் நலம் விசாரிப்பது பெரிய காரியமன்று. ஆனால் தம்மைத் தெரிந்தவர் வெளியே ஒருவர் உண்டு என்பதே அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

இனிச் சொல்லவேண்டியது சற்றுக் கசப்பானது. சுமங்கலி என்ற பெயர் ஏன் இவ்வளவு எளிதாகப் பலித்தது? வரதட்சணை கேட்பவர்கள் இருந்ததால்தான். 1961 முதல் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. ஆயினும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நகையும் ரொக்கமும் பேசாமல் கல்யாணம் பேசுவது எத்தனை பேர்? பெண் வீட்டில் நாம் கேட்கும் ஒவ்வொரு பவுனும், அந்தத் தரகருக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பேச்சு. ஆலை முதலாளியைக் குறை கூறிவிட்டு, மகன் கல்யாணத்தில் ரொக்கம் எண்ணி வாங்குகிறவர் அந்தச் சங்கிலியில் தாமும் ஒரு கண்ணி என்பதை உணரவேண்டும்.

துணி வாங்குகிறவர்களாகவும் நமக்குப் பங்குண்டு. 2015 புத்தாண்டு நாளில் அடிமைத்தனத்தைக் குறித்தே சமாதானச் செய்தி விடுத்த பிரான்சிஸ் பாப்பரசர், பொருள் வாங்குவது வெறும் பணவிஷயமன்று, மனச்சாட்சியின் விஷயமும் ஆகும் என்று நினைவூட்டினார். ஒரு கடையில் ஒருவர் கேட்பதால் உலகம் மாறாது. ஆயினும் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் தயாரிப்பதில்லை.

நினைவில் வைக்க

கூலியை நிறுத்திவைத்தால் சங்கிலி வேண்டியதில்லை. பொய்யாலும் பசியாலும் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. தனக்கு அடுத்த கண்ணியை மட்டும் பார்ப்பவர் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது. உள்ளே உழைப்பவளின் குரலே உண்மையான தணிக்கை.

குடும்பத்தில் கலந்து பேச

1. நம் வீட்டிலோ உறவிலோ ஆலைக்குப் போனவர்கள் யார்? அவர்கள் அங்கே பட்டதை நாம் எப்பொழுதாவது முழுவதும் கேட்டதுண்டா?

2. நம் வீட்டு வேலைக்காரிக்கும், தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் கொடுக்கவேண்டிய கூலியை, "அடுத்த வாரம்" என்று நாம் நிறுத்திவைப்பதுண்டா?

3. அடுத்து நம் வீட்டில் நடக்கவிருக்கும் கல்யாணத்தில், வரதட்சணை வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

மூன்றாம் கேள்விக்கு இன்றே பதில் சொல்ல முடியாவிட்டாலும், இரண்டாம் கேள்விக்கு இன்றே பதில் செய்யலாம். நிறுத்திவைத்த கூலி ஏதும் நம் வீட்டில் இருந்தால், பொழுது சாயுமுன் அதை உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.